ஆட்சேபணை இல்லாததால்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் நேரலையை வேலைக்கு நடுவே திரையின் ஓரத்தில் ஓடவிடுவது சில ஆண்டுகளாகவே எனக்குப் பழக்கமாகிவிட்டது. இதைக் கேள்விப்படுகிறவர்கள் சிரிப்பார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான நேரம் அந்தத் திரையில் ஒன்றுமே நடப்பதில்லை. ஆனால் ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும் அந்த நேரத்துக்குள்தான் ஒரு பெரிய நாட்டின் நீதிபதிகளும் தூதர்களும் படைத்தளபதிகளும் பதவிக்கு வந்துசேர்கிறார்கள் என்பது புரியத் தொடங்கிய பிறகு, அந்த வெறுமையையே கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். வாஷிங்டனுக்குப் போக ஒரு வாய்ப்பு அமைந்தபோது, அருங்காட்சியகங்களை மறுநாளுக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமையைச் செனட்டின் பார்வையாளர் மாடத்தில் கழித்தேன்.

மாடத்துக்குள் போவதற்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அந்நாட்டவர்கள் தங்கள் மாநிலச் செனட்டரின் அலுவலகத்தில் கேட்டு வாங்குகிறார்கள்; என்னைப் போன்ற வெளிநாட்டார், செனட் கூடும் கேப்பிடல் கட்டடத்திலேயே அதற்கென்று இருக்கும் முகப்பில் வாங்கிக்கொள்ளலாம். கைபேசி, கேமரா எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. கையில் எதுவும் இல்லாமல் ஓர் இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து நெடுநாளாகிவிட்டபடியால், முதல் அரைமணி நேரம் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அவை நாம் நினைப்பதைவிடச் சிறியது. 1859 ஜனவரியிலிருந்து இதே அறையில்தான் கூடுகிறார்கள். மாநிலத்துக்கு இருவராக நூறு உறுப்பினர்களுக்கு நூறு மேசைகள், அரைவட்டமாக, பழைய பள்ளிக்கூட மேசைகளைப் போலவே இருக்கின்றன. தங்கள் மேசையின் இழுப்பறைக்குள் பெயரைப் பொறித்துவிட்டுப் போவது உறுப்பினர்களின் வழக்கம். வகுப்பறை மேசையில் பெயரைக் கீறிவைக்கும் அதே ஆசைதான், இங்கே அது மரபு என்று மதிக்கப்படுகிறது. மாடத்தைச் சுற்றிலும் சுவர்க்குழிவுகளில் முன்னாள் துணை அதிபர்களின் பளிங்கு மார்பளவுச் சிலைகள் நிற்கின்றன. நான் உட்கார்ந்த நேரத்தில் அவையில் இருந்த உறுப்பினர்களைவிடச் சிலைகள்தான் அதிகம்.

துணை அதிபர்தான் அரசியல் சட்டப்படி செனட்டின் தலைவர். ஆனால் அவரை அந்த நாற்காலியில் காண்பது அரிது, ஏனென்றால் வாக்குகள் சமமாகப் பிரிந்தால் மட்டுமே அவருக்கு வாக்குரிமை. 2017 பிப்ரவரியில் கல்வி அமைச்சர் பதவிக்கு பெட்ஸி டெவோஸின் நியமனம் 50-50 என்று நின்றபோது மைக் பென்ஸ் வந்து வாக்களித்தார். அமைச்சர் ஒருவரின் நியமனம் துணை அதிபரின் வாக்கால் தேறியது அதுவே முதல்முறை. 2025 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சர் பதவிக்கு பீட் ஹெக்செத் விஷயத்தில் ஜே.டி. வான்ஸ் அதையே செய்தார். மற்ற நாட்களில் பெரும்பான்மைக் கட்சியின் இளைய உறுப்பினர்கள் முறைவைத்து ஆளுக்குக் கொஞ்ச நேரம் தலைமை நாற்காலியில் அமர்கிறார்கள். பெருமைக்குரிய இடம் என்று நாம் நினைப்போம். அங்கே அது புதிதாக வந்தவர்களின் தலையில் கட்டப்படும் வேலை.

அந்த நாற்காலியில் இருப்பவர் தட்டுகிற சுத்தியலைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. அதற்குக் கைப்பிடி கிடையாது. கைக்குள் அடங்கும் ஒரு சிறு துண்டுதான். ஆதிநாளிலிருந்து பயன்பட்டுவந்த பழைய தந்தச் சுத்தியல் 1954-இல் ஒரு சூடான விவாதத்தின்போது, அப்போது துணை அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்சன் தட்டியதில் உடைந்துபோனது. அந்த அளவுக்கான தந்தம் உள்ளூரில் கிடைக்காமல் இந்தியத் தூதரகத்தை அணுகினார்கள். அதே ஆண்டு நவம்பர் 17 அன்று, அப்போது இந்தியாவின் குடியரசுத் துணைத் தலைவராகவும் அதன் வழியே மாநிலங்களவைத் தலைவராகவும் இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், பழையதைப் போலவே செய்யப்பட்ட புதிய தந்தச் சுத்தியலைச் செனட்டுக்கு நேரில் அளித்தார். ஓர் அவைத் தலைவர் இன்னோர் அவைத் தலைவருக்குச் செய்த பொருத்தமான மரியாதை. திருத்தணியில் பிறந்தவர் கொடுத்த பொருள் என்ற நினைப்பு வந்ததும், கீழே தலைமை மேசையில் அது எங்கே இருக்கிறது என்று எட்டிப்பார்த்தேன். காவலர் கையை அசைத்து உட்காரச் சொன்னார்.

நாள் இறைவேண்டலோடு தொடங்குகிறது. 2003 முதல் அவையின் குருவாக இருப்பவர் பேரி பிளாக், கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்து ஓய்வு பெற்றவர். தாழ்ந்த, ஆழமான குரல். பிறகு கொடி உறுதிமொழி. பிறகு இரு கட்சித் தலைவர்களின் உரை. இவை இரண்டும் அன்றைய செய்திகளுக்கான உரைகள். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பதில்லை, பல சமயம் அவையில் இருப்பதுகூட இல்லை. ஆனால் ஒருவர் மட்டும் ஒரு சொல்லையும் விடாமல் கேட்கிறார். கழுத்தில் மாட்டிய சின்னஞ்சிறு சுருக்கெழுத்து இயந்திரத்தோடு அவைப் பதிவாளர் பேசுகிறவரின் பக்கத்திலேயே போய் நிற்கிறார். அவர் நகர்ந்தால் இவரும் நகர்கிறார். நூறு பேர் கேட்க வேண்டிய பேச்சை ஓர் ஆள் முழு மரியாதையோடு விரல் நுனியால் கேட்டுக்கொண்டிருப்பது, அன்று நான் கண்ட காட்சிகளில் மிகவும் மனத்தில் நின்றது.

பேச்சு முடிந்ததும் யாரோ ஒருவர் எழுந்து கோரம், அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இல்லை என்று தோன்றுவதாகச் சொல்கிறார். எழுத்தர் பெயர்களை வாசிக்கத் தொடங்குகிறார். ஒரு பெயர், நீண்ட மௌனம், இன்னொரு பெயர், அதைவிட நீண்ட மௌனம். கோரத்துக்கு 51 பேர் வேண்டும், அவையில் இருப்பது மூன்று பேர். இது வருகைப் பதிவு இல்லை, நேரத்தை நிறுத்திவைக்கும் கருவி என்பதைப் புதிதாகப் பார்க்கிறவர் உணரச் சற்று நேரமாகும். அடுத்துப் பேச வேண்டியவர் வந்துசேரவில்லை, அல்லது பின்னறையில் பேரம் முடியவில்லை, அல்லது வாக்கெடுப்புக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. ஆகவே பெயர் வாசிக்கிறார்கள். வேண்டியவர் வந்ததும் எழுந்து, பெயர் வாசிப்பைக் கைவிட ஒருமனதான ஒப்புதல் கேட்கிறார். நாற்காலியிலிருந்து, ஆட்சேபணை இல்லாததால் அவ்வாறே ஆகுக என்று பதில் வருகிறது. 51 பேர் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு விடை தெரிவதற்குள் அந்தக் கேள்வியே திரும்பப் பெறப்பட்டுவிடுகிறது. பார்ப்பவனுக்கு இது நம் மொழியில் சொல்லும் மற்றொரு பொருளிலும் கோரமாகத்தான் இருக்கிறது.

இந்த ‘ஆட்சேபணை இல்லாததால்’ என்ற தொடரை அன்று எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணத் தொடங்கி, இருபதுக்குமேல் விட்டுவிட்டேன். செனட்டின் விதிகளை அப்படியே கடைப்பிடித்தால் ஒரு நாளில் ஒரு காரியம்கூட முடியாது. ஆகவே எல்லோரும் சம்மதித்து ஒவ்வொரு மணிநேரமும் விதிகளை ஒதுக்கிவைத்துக்கொண்டே போகிறார்கள். அந்தச் சம்மதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யாரும் மறுக்கவில்லை என்பதே சம்மதம். நூறு பேரில் எவர் ஒருவர் எழுந்து மறுத்தாலும் அது போய்விடும். செனட்டின் உண்மையான அதிகாரம் வாக்கில் இருப்பதைவிட இந்த ஒரு மறுப்பில்தான் இருக்கிறது என்பது, பார்த்துப் பார்த்து எனக்கு வந்த எண்ணம். அன்று நடந்தவை அனைத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

செனட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. மசோதாக்களை எடுக்கும்போது அது சட்டமியற்றும் அமர்வு. அதிபரின் நியமனங்களையும் ஒப்பந்தங்களையும் எடுக்கும்போது நிர்வாக அமர்வு. இரண்டுக்கும் தனித்தனி அலுவல் பட்டியல்கள் அச்சாகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுவதால், கவனிக்காதவருக்குத் தெரியவே தெரியாது. 1929 வரை நியமனங்களை மூடிய கதவுகளுக்குள் விவாதிப்பதே வழக்கமாக இருந்தது என்பதை நினைத்தால், மாடத்தில் எனக்குக் கிடைத்த இருக்கையின் மதிப்பு கொஞ்சம் கூடுகிறது. செனட்டின் ஒப்புதல் தேவைப்படும் குடிமைப் பதவிகள் இன்று சுமார் 1,300 இருக்கின்றன. அமைச்சர்கள், தூதர்கள், வாழ்நாள் பதவி பெறும் கூட்டாட்சி நீதிபதிகளோடு, நாம் பெயரே கேட்டிராத வாரியங்களின் உறுப்பினர்களும் இதில் அடக்கம். பிரதமர் கைகாட்டினால் அமைச்சர் ஆகிவிடலாம் என்ற முறையில் வளர்ந்த நமக்கு, துறைச் செயலாளர் மட்டத்து ஆள் வரைக்கும் மேலவை தலையசைக்க வேண்டும் என்பது விநோதமாகத் தோன்றும்.

அன்று காலை முதல் வாக்கெடுப்பு ஒரு மாவட்ட நீதிமன்ற நீதிபதியின் நியமனம் பற்றியது. நியமிக்கலாமா என்பது அல்ல அந்த வாக்கெடுப்பு. அவரைப் பற்றிய விவாதத்தை முடித்துக்கொள்ளலாமா என்பது. இதற்குக் குளோச்சர் என்று பெயர். பதினாறு உறுப்பினர்கள் கையெழுத்திட்ட மனுவைக் கொடுத்து, இடையில் ஒரு நாள் விட்டு, பிறகு வாக்கெடுக்க வேண்டும். 1917-இல் இந்த விதி வந்தபோது வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றிருந்தது. 1975-இல் அது மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 60 என்று இறங்கியது. 2013 நவம்பரில் ஹாரி ரீட் தலைமையிலிருந்த ஜனநாயகக் கட்சியினர், உச்ச நீதிமன்றம் நீங்கலாக மற்ற நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று மாற்றினார்கள். 2017 ஏப்ரலில் நீல் கோர்சச்சுக்காக மிட்ச் மெக்கனெல் தலைமையிலிருந்த குடியரசுக் கட்சியினர் உச்ச நீதிமன்றத்தையும் அதில் சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் எதிர்க்கட்சியில் இருந்தவர்கள் அவையின் மரபு செத்துவிட்டது என்று புலம்பினார்கள். தாங்கள் ஆளுங்கட்சியானதும் செத்ததை எழுப்ப ஒருவரும் முனையவில்லை.

செனட்டில் பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் முறை இல்லை. எழுத்தர் அகர வரிசையில் நூறு பெயரையும் கூப்பிடுகிறார். மணி அடித்ததும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். எழுத்தரின் மேசைக்கு எதிரே வந்து கட்டைவிரலை மேலேயோ கீழேயோ காட்டிவிட்டு நகர்கிறார்கள். சிலர் விரலைக்கூடச் சரியாக உயர்த்துவதில்லை, ஒரு தலையசைப்புதான். அதையும் எழுத்தர் பிடித்து, பெயரையும் வாக்கையும் உரக்கச் சொல்லிப் பதிகிறார். அரசியல் தொலைக்காட்சிகளில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடும் ஆட்கள் இங்கே தோளில் கைபோட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். அன்றைக்கு முதல்முறையாக அறை நிறைந்தது இந்தக் கால்மணி நேரத்தில்தான். கணக்குக்குக் கால்மணி, நடப்பில் அரைமணிக்கும் மேல். கட்சிக் கோட்டை ஒட்டியே வாக்குகள் விழுந்தன. தீர்மானம் நிறைவேறியது. அறை மறுபடியும் காலியானது.

இனி வருவதுதான் எனக்கு அந்த நாளின் மையம். குளோச்சர் நிறைவேறிய பிறகும் விவாதத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும். முன்பு அது 30 மணி நேரமாக இருந்தது. 2019 ஏப்ரலில் மாவட்ட நீதிபதிகளுக்கும் அமைச்சருக்குக் கீழ்ப்பட்ட பெரும்பாலான பதவிகளுக்கும் 2 மணி நேரமாகக் குறைத்தார்கள். சரி, வாழ்நாள் பதவிக்குப் போகிற ஒருவரைப் பற்றி இரண்டு மணி நேரமாவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் இரு கட்சியினரும் தனித்தனியே மதிய உணவுக் கூட்டம் நடத்துவார்கள். அதற்காக அவை 12:30-க்குக் கலைந்து 2:15-க்குத்தான் கூடும். கலையும்முன், இடைவேளை நேரமும் விவாத நேரக் கணக்கில் சேரும் என்று ஒருமனதான ஒப்புதல் பெற்றுக்கொண்டார்கள். ஆட்சேபணை இல்லை. அந்த நீதிபதியின் தகுதி பற்றி விவாதிப்பதற்கென்று விதி கொடுத்த இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி, விளக்கு எரிந்துகொண்டிருக்கும் காலி அறையில், உறுப்பினர்கள் வேறு அறைகளில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஓடித் தீர்ந்தது.

பிற்பகல் இரண்டேகாலுக்குத் திரும்பி வந்தார்கள். மறுபடி நூறு பெயர், மறுபடி கட்டைவிரல்கள். நியமனம் உறுதியானது. தலைமை நாற்காலியில் இருந்தவர், மறுபரிசீலனைக்கான தீர்மானம் கொண்டுவரப்பட்டு ஒதுக்கப்பட்டதாகவே கருதப்படும், செனட்டின் முடிவு அதிபருக்கு உடனே தெரிவிக்கப்படும் என்று மூச்சுவிடாமல் படித்தார். எங்கோ ஒரு நகரத்தில் ஒருவர் அந்த நொடியில் சாகும்வரை நீதிபதியாக இருக்கத்தக்க உரிமை பெற்றுவிட்டார். மாடத்தில் எனக்கு முன்வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏதாவது நடந்ததா என்று ஒரு பையன் பக்கத்துப் பையனைக் கேட்டான்.

நேர்மையாகச் சொன்னால், அந்த நீதிபதியாவது பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டார். 2025 ஜனவரி 20 அன்று வெளியுறவு அமைச்சராக மார்கோ ரூபியோ 99-0 என்று தேறினார். அப்போது அவரும் உறுப்பினர் என்பதால் தனக்குத்தானே வாக்களித்த 99-ஆவது ஆளும் அவர்தான். ஆனால் அந்த ஒற்றுமை அன்றோடு முடிந்தது. ஒருமனதான ஒப்புதலைச் சிறுபான்மைக் கட்சியினர் தர மறுத்ததால், சாதாரணமாகக் குரல் வாக்கில் தேறியிருக்கக்கூடிய சிறு பதவிகள்கூட ஒவ்வொன்றாகக் குளோச்சர் வழியாகப் போக வேண்டியதாயிற்று. பெரும்பான்மையினர் அந்த ஆண்டு செப்டம்பரில் நடைமுறையை மாற்றி, அமைச்சர் மட்டத்துக்குக் கீழ்ப்பட்ட நிர்வாகப் பதவிகளை மொத்தமாகக் கட்டி ஒரே வாக்கில் தேற்றலாம் என்று வைத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 18 அன்று 48 பேர் 51-47 என்று ஒரே கட்டாகப் போனார்கள். அக்டோபர் 7 அன்று அதே 51-47-இல் 107 பேர். இந்தியாவுக்கான தூதர் செர்ஜியோ கோர் அந்த 107-இல் ஒருவர். அந்த மாற்றத்தில் நீதிபதிகளைச் சேர்க்கவில்லை.

யார் மீது தவறு என்று கட்சிக்காரர்களைக் கேட்டால் மற்றவர் மீது என்பார்கள், இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். எல்லாப் பெயரையும் மறுப்பவரால் எந்தப் பெயரையும் ஆராய்ந்து மறுக்க முடியாது. மொத்தமாகத் தேற்றுகிறவருக்கு ஆராயவே வேண்டியதில்லை. ஒரு மறுப்புக்கு மதிப்பு இருந்ததே அது அரிதாக இருந்ததால்தான். அமைச்சர் பதவிக்கு முன்மொழியப்பட்ட ஒருவரைச் செனட் வாக்கெடுத்துத் தள்ளியது கடைசியாக 1989-இல், ஜான் டவர், 47-53. அதற்கு ஒன்றரை ஆண்டுக்குமுன் ராபர்ட் போர்க்கை உச்ச நீதிமன்றத்துக்கு 42-58 என்று தள்ளியது. அந்த வாக்கெடுப்புகளில் இரு பக்கமும் கட்சி மாறி வாக்களித்தவர்கள் இருந்தார்கள். மாடத்தில் உட்கார்ந்து அப்படியொரு வாக்கெடுப்பைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு சொல்வது வெறும் ஒப்புதல் அல்ல, ஆலோசனையும் ஒப்புதலும். அந்த முதல் சொல் எப்போது உயிரிழந்தது என்று தேடினால், முதல் மாதங்களிலேயே. 1789 ஆகஸ்ட் 5 அன்று, ஜார்ஜியாவின் சவான்னா துறைமுக அதிகாரி பதவிக்கு ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய பெஞ்சமின் ஃபிஷ்போர்ன் என்பவரின் பெயரைச் செனட் தள்ளிவிட்டது. அந்த மாநிலத்துச் செனட்டருக்கு அவரைப் பிடிக்கவில்லை. வாஷிங்டன் வேறொருவரை அனுப்பினார், ஆனால் சந்தேகம் இருந்தால் என்னையே கேட்டிருக்கலாமே என்ற பொருளில் ஒரு கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார். அதே மாதம் 22-ஆம் தேதி, தென்பகுதிப் பழங்குடியினரோடு செய்யவிருந்த ஒப்பந்தம் பற்றி ஆலோசனை கேட்க அவரே நியூயார்க்கில் அவைக்கு நேரில் வந்தார். கேள்விகளைத் துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் வாசித்தார். தெருவில் வண்டிகள் ஓடிய சத்தத்தில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. உறுப்பினர்கள் இதை ஒரு குழுவுக்கு அனுப்பிப் பார்ப்போம் என்றார்கள். நாட்டை உருவாக்கிய தளபதியை நேரெதிரே உட்காரவைத்துக்கொண்டு, குழு. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வந்து அந்த வேலையை முடித்தார். அதன்பின் ஆலோசனை கேட்க அந்த அவைக்குள் வரவில்லை, பின்வந்தவர்களும் அந்த வழியைப் பின்பற்றவில்லை. மதிய இடைவேளையின்போது பார்வையாளர் மையத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மசோதாக்களின் நிலை வேறு. பெரும்பாலும் அவற்றின் மீதான விவாதத்தை முடிக்க இன்றும் 60 வேண்டும். நியமனத்துக்கு 51, சட்டத்துக்கு 60 என்றான பிறகு, எளிதில் நடக்கிற வேலையை நோக்கியே அவையின் நேரம் சாய்கிறது. வாரத்தின் வாக்கெடுப்புகளில் பெரும்பகுதி நியமனங்களாக இருப்பதற்கு இதுவே காரணம். அப்படியானால் சட்டங்கள் எப்படி நிறைவேறுகின்றன? பெரும்பாலானவை வாக்கெடுப்பே இல்லாமல். கட்சி அலுவலகம் ஒவ்வொரு உறுப்பினரின் அலுவலகத்துக்கும், இந்த மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றப்போகிறோம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று முன்கூட்டித் தகவல் அனுப்பும். இதற்கு ஹாட்லைன் என்று பெயர். பதில் வராவிட்டால் சம்மதம். 2022 மார்ச் 15 அன்று, கோடைக்கால நேரத்தை ஆண்டு முழுவதற்கும் நிரந்தரமாக்கும் மசோதாவை ரூபியோ இப்படித்தான் எழுந்து கேட்டார், ஒருவரும் மறுக்கவில்லை, நாடு முழுவதன் கடிகாரத்தையும் மாற்றும் சட்டம் சில நிமிடங்களில் தேறியது. பிறகு நிருபர்கள் கேட்டபோது, இப்படியொன்று நடந்ததே தெரியாது என்று சொன்ன செனட்டர்கள் பலர். கீழவை அதை எடுக்காமலே விட்டதால் கடிகாரங்கள் தப்பின.

இதன் மறுபக்கத்தை 2023-இல் பார்த்தோம். படை அதிகாரிகளின் பதவி உயர்வுகள் நூற்றுக்கணக்கில் ஒரே மூச்சில், ஒருமனதாகத் தேறுவதுதான் நடைமுறை. பாதுகாப்புத் துறையின் கருக்கலைப்புப் பயணச் செலவுக் கொள்கையை எதிர்த்து, அலபாமாவின் டாமி டூபர்வில் என்ற ஒரே செனட்டர் மாதக்கணக்கில் அந்த ஒப்புதலைத் தர மறுத்தார். மரீன் படைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் முதல்முறையாகச் செனட் உறுதிசெய்த தளபதி இல்லாத நிலை வந்தது. நவம்பர் 1 அன்று மாலை, அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே எழுந்து அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து ஒப்புதல் கேட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் மறுத்தார். அதை நேரலையில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் பார்த்தேன். வாசிக்கப்படும் அதிகாரி எத்தனை போர்களில் இருந்தவர், எத்தனை பதக்கம் வாங்கியவர் என்று ஒருவர் விவரிப்பார், முடிந்ததும் ஒரு சொல், ஆட்சேபிக்கிறேன், அடுத்த பெயர். டிசம்பர் 5 அன்று அவர் பெரும்பாலான பெயர்களை விட்டுக்கொடுத்ததும், நானூறுக்கும் மேற்பட்டவர்கள் சில நிமிடங்களில் தேறினார்கள். விவாதமும் நடக்கவில்லை, வாக்கும் எண்ணப்படவில்லை. ஒருவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. தங்கியிருந்த அறைக்குத் திரும்பி, கைபேசியிலேயே மிச்சத்தைப் பார்த்தேன். நாள் முடிவில் ‘ராப்-அப்’ என்று ஒரு சடங்கு உண்டு. பெரும்பான்மைக் கட்சியிலிருந்து ஒருவர் காலி அவைக்கு முன் எழுந்து, கையில் வைத்திருக்கும் தாள்கட்டிலிருந்து படிப்பார். இந்தத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள ஒப்புதல் கேட்கிறேன்; அந்த மசோதாவைக் குழுவிலிருந்து விடுவிக்க ஒப்புதல் கேட்கிறேன்; நாளை பத்து மணிக்குக் கூட ஒப்புதல் கேட்கிறேன். நாற்காலியில் இருப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபணை இல்லாததால் என்று சொல்லிக்கொண்டே வருவார். படித்து முடித்த தாள்களை ஒருவர் பக்கவாட்டில் நின்று வாங்கிக்கொள்வார். அன்று படித்தவர் நடுவில் ஒரு தாளை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். உதவியாளர் காதருகே குனிந்ததும் திரும்பிவந்து அதையும் படித்தார். அதற்கும் ஆட்சேபணை இல்லை.

மறுநாள் காலை வெளியான அவைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் முதல்நாள் அலுவல்களின் சுருக்கம் இருந்தது. அறிமுகமான மசோதாக்களின் எண்ணிக்கை, நிறைவேறியவற்றின் பட்டியல், வாக்கெடுப்புகளின் எண்கள். மாவட்ட நீதிபதிக்கு இரண்டு வரி கொடுத்திருந்தார்கள். பிற்பகல் இரண்டேகால் வரையிலான இடைவேளையும் நேரத்தோடு குறிக்கப்பட்டிருந்தது.